முளைக்கும் வரை ஒன்று, முளைத்த பின் வேறு

விதை முளைக்கவே இல்லை என்று சொல்கிறவர்களை விட, "முளைத்தது, அப்புறம் என்னவோ ஆகிவிட்டது" என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விதை போட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, பச்சையாக ஒன்று தலைகாட்டியதும் வீடே வந்து எட்டிப் பார்க்கும். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் தண்டு வெளிறி, ஒல்லியாக நீண்டு, மண்ணில் சாய்ந்து கிடக்கும். "நமக்குக் கைராசி இல்லை" என்று தட்டை ஓரமாக வைத்துவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு வேண்டியது ஒன்று, மண்ணுக்கு மேலே வந்துவிட்ட நாற்றுக்கு வேண்டியது வேறு. முளைத்த அன்றே நம் கவனிப்பும் மாற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், காய்கறியானாலும் பூச்செடியானாலும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

காய்ந்த விதைக்குள் ஒரு செடி ஏற்கெனவே இருக்கிறது. வேராகப் போகும் ஒரு நுனி, குட்டித் தண்டு, முதல் இலைகளான ஒன்றோ இரண்டோ வித்திலைகள், கூடவே கட்டுச்சோறாகக் கொஞ்சம் மாவு, எண்ணெய், புரதம். தண்ணீர் பட்டதும் விதை அதை உறிஞ்சி ஊதுகிறது. இந்த ஊதல் வெறும் இயற்பியல்தான், செத்துப்போன விதையும் ஊதும். அதனால் ஊறவைத்த விதை பருத்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உயிருள்ள விதையில் அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. நொதிகள் விழித்துக்கொண்டு மாவைச் சர்க்கரையாக உடைக்கின்றன, விதை வேகமாக மூச்சு விடுகிறது, கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு வேர் முதலில் வெளியே வருகிறது. ஆக, இந்தக் கட்டத்தில் விதைக்கு வேண்டியவை ஈரம், காற்று, கதகதப்பு. உரம் தேவையில்லை, சாப்பாடு உள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான காய்கறிகளுக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை.

காற்று என்று சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மண் சொதசொதவென்று இருந்தால் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடமெல்லாம் தண்ணீர் நிறைந்துவிடும், விதைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. விதை அழுகுவது பெரும்பாலும் இப்படித்தான். ஊறவைப்பதிலும் அதே கதை. வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும், நல்லதுதான். அதையே இரண்டு நாள் தண்ணீரில் விட்டால் மூச்சுத் திணறிப் போகும். பீன்ஸ், பட்டாணி வகைகளை ஊறவைக்காமல் நேராக ஈரமண்ணில் போடுவதே எனக்குப் பிடிக்கும். காய்ந்த பீன்ஸ் விதை தண்ணீரை அவசரமாக உறிஞ்சும்போது உள்ளே வித்திலைகள் வெடித்துப் போவதுண்டு.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கை அளவு வைத்துக்கொள்ளலாம். விதை போடப்போகும் மண் கலவையை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது, தட்டினால் உதிர வேண்டும். விதை போடுவதற்கு முன்பே கலவையை இப்படி நனைத்துத் தயார் செய்துவிடுங்கள். காய்ந்த கலவையில் விதையைத் தூவிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் சின்ன விதையெல்லாம் ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

கலவைக்குத் தோட்டத்து மண்ணை அப்படியே எடுக்காதீர்கள். தொட்டியிலோ குழித்தட்டிலோ அது இறுகிக் கட்டியாகிவிடும், களை விதைகளும் பூஞ்சைகளும் கூடவே வரும். நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவோடு சலித்த மண்புழு உரம் கொஞ்சம் சேர்த்தால் போதும். கழுவச் சொல்வதற்குக் காரணம், நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும், இளம் வேர் அதைத் தாங்காது. பாத்திரம் எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

ஆழத்துக்குப் பொதுக்கணக்கு ஒன்று உண்டு. விதை எவ்வளவு தடிமனோ அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் சரி. பூசணி, பீன்ஸ் என்றால் விரலின் முதல் கணு வரை போகலாம். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டர் போதும். பெட்டூனியா, பிகோனியா விதைகளோ தூசு மாதிரி இருக்கும், ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள். அவற்றை மூடவே கூடாது. மேலாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். சின்ன விதையில் சேமிப்பு கொஞ்சம்தான். ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அது தீர்ந்துவிடும். போதாததற்கு இந்த இரண்டும், லெட்டூஸ் என்ற சாலட் கீரையும் வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் இனங்கள். மேற்பரப்புக்கு அருகில் இருக்கிறோமா என்பதை வெளிச்சத்தை வைத்தே அந்த விதை தெரிந்துகொள்கிறது. எனக்கு விதைகளைப் பற்றி வியப்பாக இருக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

கதகதப்புக்கு வருவோம். இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். தக்காளி விதை 25 டிகிரி செல்சியஸில் சுமார் 6 நாளில் முளைக்கும். அதே விதை 15 டிகிரியில் இரண்டு வாரம் எடுக்கும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல். விதை ஒன்றுதான், மண்ணின் வெப்பம்தான் வேறு. மிளகாய்க்கு இன்னும் சூடு வேண்டும், 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் எட்டுப் பத்து நாளில் வரும், குறைந்தால் மூன்று வாரம்கூட இழுக்கும். வெண்டையும் அப்படித்தான். லெட்டூஸ் இதற்கு நேர் எதிர். 20 டிகிரியில் மூன்று நாளில் முளைக்கிற அது, 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் பிடிவாதமாகப் படுத்தே கிடக்கும். ஆகவே பத்து நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பதற்கு முன், அந்தச் செடிக்கு உங்கள் இடத்தின் இப்போதைய வெப்பம் பொருந்துமா என்று பாருங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் முளைப்பு நாள் எல்லாம் சரியான வெப்பத்துக்கானது. பார்ஸ்லி என்ற வாசனைக் கீரை போன்றவை நல்ல வெப்பத்திலும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும், அது அவற்றின் குணம்.

பழைய விதை என்றால் முதலில் சோதித்துவிடுங்கள். ஈரமான டிஷ்யூ தாளில் பத்து விதையைப் பரப்பி, மடித்து, மூடியுள்ள டப்பாவில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். ஆறு முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாக விதைக்கலாம். இரண்டுதான் என்றால் புது விதை வாங்குவது நல்லது. முளைத்ததை வீணாக்க வேண்டியதில்லை, வேர் ஒடியாமல் எடுத்து நட்டுவிடலாம்.

இந்தச் சோதனையை முள்ளங்கி விதையில் செய்து பார்க்கச் சொல்வேன், விதை பழையதோ புதியதோ. இரண்டு நாளில் வேர் வந்துவிடும். அந்த வேரைச் சுற்றி நுனிக்குச் சற்று மேலே வெள்ளை வெளேரென்று பஞ்சு படர்ந்திருக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று எத்தனையோ பேர் அந்த நிமிடமே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது வேர்த்தூவி. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல் நீண்டு வளர்ந்தது. தண்ணீரை உறிஞ்சும் பரப்பைப் பல மடங்கு கூட்டுவதற்காகச் செடி அதை வளர்க்கிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தூவிகள் வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறைந்துபோகும். பூஞ்சை அப்படி மறையாது, வேரில் மட்டும் நிற்காமல் விதைத்தோல், தாள் என்று எல்லா இடத்திலும் வலை கட்டும். நாற்றைப் பிடுங்கும்போது வேரில் மண்ணோடு எடுக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது இந்தத் தூவியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். உதறினால் முதலில் அறுந்து போவது இதுதான்.

சரி, முளைத்துவிட்டது. பீன்ஸ் விதை மண்ணைப் பிளந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டு நேராக வராது. கொக்கி மாதிரி வளைந்து, அந்த வளைவால் மண்ணை நெட்டித் தள்ளும். உள்ளே இருக்கும் மெல்லிய குருத்து அடிபடாமல் பின்னாலேயே வரும். வெளிச்சம் பட்ட பிறகுதான் கொக்கி நிமிர்ந்து வித்திலைகள் விரியும். சில நாற்றில் விதைத்தோல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்து எடுக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துச் சிறிது நேரம் விட்டால் இளகித் தானே கழன்றுவிடும்.

இந்தக் கொக்கி நிமிரும் நாள்தான் நான் முதலில் சொன்ன நாள். இதுவரை ஈரம் போகாமல் தட்டை மூடி வைத்தீர்கள், இனி திறக்க வேண்டும். இதுவரை கதகதப்பு, இனி கொஞ்சம் குளிர்ச்சியே நல்லது. இதுவரை மேல்மண் காயவே கூடாது, இனி லேசாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சம். கட்டுச்சோறு தீர்ந்துகொண்டிருக்கிறது, இனி செடி தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ள வேண்டும். பாதி முளைத்துப் பாதி முளைக்காமல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முளைத்தவற்றின் பக்கம் நில்லுங்கள். மீதிக்காகக் காத்திருந்து மூடியே வைத்தால் வந்ததும் கெட்டுவிடும். ஒரே தட்டில் பல வகை விதைகளைக் கலந்து போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெளிச்சம் போதாத நாற்று நீண்டுகொண்டே போகும். இருட்டில் அகப்பட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. இருக்கும் சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழித்து வெளிச்சத்தைத் தேடுகிறது, இலைக்கும் வேருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. ஜன்னலோரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், செடிக்கு அது பாதி நிழல்தான். முடிந்தால் வெளியே, காலை வெயில் படும் இடத்தில் வையுங்கள். வெளியே வைக்க வழியில்லை என்றால் சாதாரண வெள்ளை எல்இடி விளக்கு போதும். நாற்றுக்கு மிக அருகில், அரை அடிக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். உயரத்தில் இருக்கும் விளக்கால் பயன் இல்லை. இன்னொன்று, தினமும் ஒருமுறை நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுங்கள். இது வெறும் பாசம் என்று நினைக்க வேண்டாம். காற்றில் ஆடுவதும், உரசுவதும் தண்டைக் குட்டையாகவும் உறுதியாகவும் வளரச் செய்யும் என்பது ஆராய்ந்து பார்த்த உண்மை.

தண்ணீர் மிஞ்சினால் வருவது நாற்றழுகல். ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும், பித்தியம் போன்ற பூஞ்சையை ஒத்த நுண்ணுயிரிகளும் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைத் தாக்கும். அந்த ஒரு இடம் மட்டும் கறுத்து மெலியும், மேலே இலை பச்சையாகவே இருக்கும். மறுநாள் காலை நாற்று படுத்திருக்கும். படுத்ததை எழுப்ப முடியாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிட்டு, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் மற்றவை பிழைக்க வழியுண்டு. வராமல் தடுப்பது இதை விடச் சுலபம். நெருக்கமாக விதைக்காதீர்கள், மேலே தெளிப்பதை நிறுத்திவிட்டு அடித்தட்டில் தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள், அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். தட்டைக் கையில் தூக்கிப் பார்த்துப் பழகினால் கனத்தை வைத்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். விரலை விட, கண்ணை விட நான் நம்புவது இந்தக் கனத்தைத்தான்.

முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். அடுத்து வருவதுதான் அந்தச் செடிக்கே உரிய இலை, தக்காளியில் ஓரம் வெட்டுப்பட்டு, தொட்டால் தக்காளி வாசனையோடு இருக்கும். அந்த இலை ஒரு ஜோடி வந்தபின் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம், உரமும் மிக நீர்த்த அளவில் தொடங்கலாம். எடுக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒடிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தக்காளியை வித்திலை வரை மண்ணுக்குள் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நீண்டுபோன தக்காளி நாற்றைக் காப்பாற்றுவது இந்த வழியில்தான். லெட்டூஸை அப்படிப் புதைத்தால் குருத்து அழுகிவிடும்.

எல்லாவற்றையும் நாற்றுவிட்டுத்தான் நட வேண்டும் என்றில்லை. கேரட், முள்ளங்கியை இருக்கப் போகும் இடத்திலேயே விதையுங்கள். நுனிவேர் அடிபட்டால் கிழங்கு கவை விட்டுக் கோணலாகும். பீன்ஸ், வெண்டை, சூரியகாந்திக்கும் நேரடி விதைப்பே மேல். பூசணி, வெள்ளரி வகைகள் வேர் கலைவதைப் பொறுக்காது, நாற்றுதான் வேண்டும் என்றால் ஆளுக்கொரு கோப்பையில் போட்டு மண் உதிராமல் நடுங்கள். நேரடியாக விதைத்தால், மிகையான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுவதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நெருக்கமாக நிற்கும் முள்ளங்கியில் பாதியைப் பிடுங்காவிட்டால் எதுவுமே பருக்காது. பிடுங்க மனம் வராதவர்கள் கத்தரிக்கோலால் மண்ணோடு மட்டமாக வெட்டலாம், பக்கத்துச் செடியின் வேரும் அசையாது.

பூக்களில் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் தயங்காமல் செண்டுமல்லி என்பேன். கறுப்பு ஊசியில் வைக்கோல் நிற வால் ஒட்டின மாதிரி இருக்கும் அந்த விதை, கையில் பிடிக்க வாகானது, ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். அப்புறம் ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை. காஸ்மாஸுக்கு உரத்தை அள்ளிக் கொட்டினால் இலையாக வளரும், பூக்காது. அதைச் சுமாரான மண்ணில் விட்டுவிடுங்கள். செண்டுமல்லி, ஜினியா இரண்டையும் ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வரும், பூவும் கூடும். முதல் மொட்டு தெரியும் நேரத்தில் கிள்ளச் சொன்னால் யாருக்கும் கை வராது, ஆனாலும் கிள்ளுங்கள். வாடிய பூக்களையும் உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும், விதை கட்டத் தொடங்கினால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

உள்ளேயோ நிழலிலோ வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்குங்கள். நடுவதை மாலையில் வைத்துக்கொண்டால் வேர் பிடிக்க ஓர் இரவு அவகாசம் கிடைக்கும்.

விதை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தேதி. வெங்காய விதை ஓரிரு வருடம்தான் தாங்கும். தக்காளி நாலைந்து வருடம், வெள்ளரி அதற்கும் மேல். இன்னொன்று, எஃப்1 என்று போட்டிருக்கிறதா என்பது. அது இரண்டு தனித்தனி வம்சங்களைக் கலந்து எடுத்த கலப்பின விதை. செடி நன்றாகக் காய்க்கும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. விதை எடுத்து அடுத்த பருவத்துக்கு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாட்டு ரகங்களைத் தேட வேண்டும். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி நேர்த்தி செய்தது என்று அர்த்தம். கையுறை போட்டு எடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

விதை எடுப்பதற்குத் தக்காளியும் பீன்ஸும் ஏற்றவை. பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ரகம் கலப்பது அரிது. பூசணி வகைகளைத் தேனீக்கள் கலந்துவிடும். பீன்ஸ் நெற்றைச் செடியிலேயே காயவிட்டு எடுத்தால் வேலை முடிந்தது. தக்காளிக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பதைத் தடுக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாற்றோடு ஒரு டம்ளரில் போட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். நாற்றம் வரும், மேலே ஆடை கட்டும், அது சரியான அடையாளம்தான். தண்ணீர் ஊற்றி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். அதை வடித்து, தட்டில் பரப்பி, நிழலில் காயவிடுங்கள். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவின் மிச்சிகனில் 1879-இல் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 21 இன விதைகளை மணலோடு கலந்து 20 பாட்டில்களில் புதைத்து வைத்தார். எவ்வளவு காலம் உயிர் தாங்கும் என்று பார்க்க ஆசை. 2021-இல் தோண்டி எடுத்த பாட்டிலிலும் வெர்பாஸ்கம் என்ற பூச்செடி முளைத்தது, 142 வருடத்துக்குப் பிறகு! நம் வெங்காயமும் மிளகாயும் அந்த ஜாதி இல்லை. அவற்றைக் காப்பாற்ற இரண்டு விதி உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. ஆகவே முதலில் நன்றாகக் காயவையுங்கள். காற்றுப்புகாத கண்ணாடிக் குப்பியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் பூத்துவிடும். மேலே ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனா மை ஈரத்தில் அழிந்துவிடும்.